வழி தெரியாமல் நிற்கும்போது: திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

படித்து முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்கள், வேலையை விட்டவர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள், பிள்ளைகளைக் கரையேற்றிவிட்ட அம்மாக்கள் என்று பலரோடு பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு பல வருடங்களாகப் பேசி வருகிறேன். ஒவ்வொருவர் கதையும் வேறு. கேள்விகள் மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே வருகின்றன. அவற்றுக்கு என்னால் ஆன பதிலை இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டிய இடம் எது என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

சம்பளம் வருகிறது, குடும்பம் இருக்கிறது, பெரிய கடனும் இல்லை. ஆனால் எதற்காக ஓடுகிறேன் என்று தெரியவில்லை. எனக்கு என்ன ஆயிற்று?

35-லிருந்து 45 வயதுக்குள் இருக்கும் ஆண்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். பதில் சொல்வதற்கு முன் நான் திருப்பி ஒன்று கேட்பேன்: இதுவரை எதற்காக ஓடினீர்கள்?

பதில் உடனே வரும். தங்கச்சி கல்யாணம். அப்பா வாங்கிய கடன். ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கட்டிய புது வீடு. நாங்குநேரி, வள்ளியூர், திசையன்விளைப் பக்கத்துப் பையன்கள் எத்தனையோ பேர் மீசை முளைக்கும் முன்பே சென்னைக்கோ மும்பைக்கோ போனவர்கள். யாரோ ஓர் அண்ணாச்சி கடையில் பொட்டலம் மடித்து, பிறகு சொந்தமாகக் கடை போட்டு, குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். காலையில் ஏன் எழுந்திருக்கிறோம் என்ற கேள்விக்கே அந்த வருடங்களில் இடமில்லை. கடமை எழுப்பிவிட்டது. இன்றைக்குத் தங்கச்சி மகள் கல்லூரிக்குப் போகிறாள், கடன் அடைந்துவிட்டது, வீடும் எழும்பிவிட்டது. எடுத்த வேலையை முடித்துவிட்டு அடுத்த வேலை கைக்கு வராமல் நிற்கிறீர்கள். இதைத் தோல்வி என்று நினைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு குடும்பத்தையே தோளில் சுமந்த மனிதர் தன்னை உதவாக்கரை என்று சொல்லிக்கொள்வதில் என்ன நியாயம்?

இன்னும் சிலருக்குக் காரணம் வேறு. பிளஸ் டூ-வில் மார்க் வந்தது, அதனால் இன்ஜினியரிங். மாமா பையன் போனான், அதனால் பெங்களூர். போன பாதை முதலிலிருந்தே அவர்களுடையது இல்லை, அது உறைப்பதற்குப் பத்துப் பதினைந்து வருடம் ஆகியிருக்கிறது. வேறு சிலருக்கு உடம்பே ஓய்ந்து போயிருக்கும்.

வெளியிலிருந்து பார்க்க மூன்றும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் கடமை முடிந்தவருக்கு அடுத்த கடமை வேண்டும். பாதை இரவலாக இருந்தவருக்கு வேறொன்றைச் சின்ன அளவில் செய்து பார்க்கிற துணிச்சல் வேண்டும். ஓய்ந்தவருக்கு ஓய்வும் டாக்டரும் வேண்டும். நீங்கள் இதில் யார் என்று பார்த்துக்கொண்ட பிறகு மேலே வாசியுங்கள்.

இது வெறும் குழப்பமா, மனச்சோர்வு நோயா? எப்படிக் கண்டுபிடிப்பது?

குழப்பத்தில் இருப்பவருக்கு நல்ல சாப்பாடு ருசிக்கும், நண்பன் வந்தால் சிரிப்பு வரும். மனச்சோர்வில் அதுவும் போய்விடும். எதிலும் விருப்பமில்லாமை, தூக்கம் கெடுதல் அல்லது எந்நேரமும் தூக்கம், பசி மாறிப் போவது, அசதி, 'நான் எதற்கும் ஆகாதவன்' என்ற நினைப்பு இவையெல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக தினமும் இருந்தால் டாக்டரைப் பார்த்தாக வேண்டும். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு போன்றவையும் இதேபோல ஆளைச் சாய்த்துப் போடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் காரியத்துக்கு வாழ்க்கையின் அர்த்தத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை தலைகாட்டினாலும் இந்தப் பக்கத்தை இத்தோடு நிறுத்திவிட்டு அந்த எண்ணை அழுத்துங்கள். பக்கத்தில் இருக்கும் ஒருவரிடமும் சொல்லுங்கள். மற்றக் கேள்விகள் எங்கேயும் போய்விடாது.

வயது 31. ஐந்தாறு வருடமாக டிஎன்பிஎஸ்சி எழுதிக்கொண்டிருக்கிறேன். விடவும் மனசில்லை, தொடரவும் தெம்பில்லை.

பாளையங்கோட்டையில் இந்தக் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. மாவட்ட மைய நூலகம், அதைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடை, டீக்கடை எங்கே போனாலும் இந்த முகங்களைப் பார்க்கலாம். ஒழுங்காக எழுந்து, ஒழுங்காகப் படித்து, வீட்டுக் காசில் டீ குடிக்கக் கூசுகிற பிள்ளைகள். அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதனால்தான் கணக்கைக் கணக்காகவே சொல்கிறேன்.

2022-ல் குரூப் 4 தேர்வுக்கு முதலில் 7,301 இடங்கள் அறிவித்தார்கள். பிறகு அது பத்தாயிரத்தைத் தாண்டியது. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். கூட்டிய இடங்களை வைத்துப் பார்த்தாலும் இருநூறு பேருக்கு ஓர் இடம் என்பதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. அந்த ஒருவராக வராமல் போனதால் மற்ற நூற்றுத் தொண்ணூற்றுச் சொச்சம் பேரும் மட்டம் என்று ஆகிவிடுமா? தேர்வு முடிவை உங்கள் தரத்துக்கு அத்தாட்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

தொடர்வதா விடுவதா என்பதை மனநிலையை வைத்து முடிவு செய்யக் கூடாது. மார்க்கை வைத்துச் செய்யுங்கள். கடைசியாக எழுதிய மூன்று தேர்வின் மதிப்பெண்ணை, அந்தந்த வருடத்துக் கட்-ஆஃபுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் இன்னொரு முயற்சிக்கு நியாயம் இருக்கிறது. அப்படியே நின்றாலோ கூடினாலோ, அதே முறையில் இன்னொரு வருடம் உட்காருவது வருடத்தைத்தான் தின்னும். தொடர்வதானால் எந்தத் தேர்வோடு நிறுத்துவது என்பதை இப்போதே முடிவு செய்து, உங்களை மதிக்கிற ஒருவரிடம் சொல்லி வையுங்கள். உங்கள் மனசுக்குள் மட்டும் இருக்கிற கெடு நகர்ந்துகொண்டே போகும்.

இன்னொன்று, இதில் பலர் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். முழுநேரமும் படிப்பு மட்டும் என்று வருடக்கணக்கில் இருப்பதை நான் ஆதரிப்பதில்லை. அரைநாள் வேலை ஒன்று, ஜவுளிக்கடைக் கணக்கோ, இ-சேவை மையமோ, டியூஷனோ, கையில் இருந்தால் படிக்கிற நேரம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் சம்பாதித்த காசு சட்டைப்பையில் இருக்கிறவன் புத்தகத்தின் முன்னால் உட்கார்வதே வேறு மாதிரி இருக்கும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு நடக்கிறது. தனியாக அறை எடுத்து அடைந்து கிடப்பதைவிட அங்கே நாலு பேரோடு உட்காரலாம்.

விட்டுவிட்டால் படித்ததெல்லாம் வீணா என்று கேட்பார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கும் தமிழ் இலக்கணமும் அரசியலமைப்பும் தலைகீழாகத் தெரிந்த ஆள் ஊருக்கு நாலு பேர் இருந்தால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைவிட என்ன வேண்டும்?

"இப்பம் என்ன சோலி பாக்க?" என்று ஊரே கேட்கிறது. கல்யாண வீட்டுக்குப் போகவே பயமாக இருக்கிறது.

கேட்கிறவர்களில் குத்துவதற்காகக் கேட்கிறவர் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்கு அது "சாப்பிட்டியா" மாதிரி ஒரு விசாரிப்பு. இந்த இரண்டையும் வெறும் முகத்தை வைத்தே பிரித்துவிடலாம்.

பதிலை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நீளமாக வேண்டாம். "காலைல பரீட்சைக்குப் படிக்கேன் பெரியப்பா, சாயங்காலம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கேன்." இது போதும். மழுப்பினால் அடுத்த கேள்வி வரும், நேராகச் சொன்னால் அதோடு முடியும்.

கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் போகாமல் இருக்காதீர்கள். போய் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு பந்தியில் இறங்குங்கள். கை வேலையாக இருக்கிறவனை யாரும் நிறுத்தி விசாரிப்பதில்லை. அதைவிடப் பெரிது, மூன்று பந்தி பரிமாறி முடித்தவனுக்கு அன்றைக்கு அந்த வீட்டில் ஓர் இடம் இருக்கிறது.

"உனக்குப் பிடித்ததைச் செய்" என்கிறார்கள். எனக்கு எது பிடிக்கும் என்றே தெரியவில்லையே?

தெரியாதுதான். தெரிந்துகொள்ள நமக்கு எங்கே சந்தர்ப்பம் இருந்தது? பிடித்தது என்பது மனசுக்குள் ஒளித்து வைத்த பொருளாக இருந்து, தேடினால் அகப்படும் என்று நான் நம்பவில்லை. ஒரு வேலையைக் கொஞ்ச காலம் செய்து, அது ஓரளவு கைவந்து, அடுத்தவருக்கு உபயோகப்பட்ட பிறகுதான் பிடித்தம் பெரும்பாலும் வருகிறது. பத்தமடையில் பட்டுப் போல மெல்லிய கோரைப் பாய் நெய்கிற பெண்களிடம், தறியில் உட்கார்ந்த முதல் நாளே பிடித்திருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். கோரையைக் கிழித்து, நனைத்து, சாயம் ஏற்றி, இழை இழையாகக் கோத்து நெய்கிற வேலை. விரல் பழகிய பிறகு வருகிற நிறைவு அது.

ஆகவே கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள்: யாருக்கு என்ன தேவைப்படுகிறது, அதில் என் கைக்கு வருவது எது?

சரி, எங்கிருந்து தொடங்க?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

ஒரு நேரம், ஓர் இடம், அங்கே உங்களுக்காகக் காத்திருக்கும் ஓர் ஆள். இந்த மூன்றும் சேர்ந்த ஒரு வேலையை வாரத்தில் இரண்டு நாளாவது வைத்துக்கொள்ளுங்கள். காசு வரவேண்டும் என்றில்லை. நீங்கள் போகாவிட்டால் ஒருவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பதுதான் அதில் முக்கியம். நடைப்பயிற்சி, டைரி, தியானம் எல்லாம் நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவற்றில் காத்திருக்கிற ஆள் இல்லை. மனசு சோர்ந்த நாளில் முதலில் நின்றுபோவது அவைதான்.

உதாரணம் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் நூறு வருடத்துக்கு மேலாகப் பள்ளிகள் நடக்கின்றன. பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடத்தை வாசித்துக் காட்டவும், தேர்வில் அவர்கள் சொல்வதை எழுதவும் எப்போதும் ஆள் தேவை. யார் எழுதலாம் என்பதற்குத் தேர்வுக்குத் தேர்வு விதிமுறை உண்டு, கேட்டுக்கொண்டு போக வேண்டும். வாசித்துக் காட்ட அந்தத் தடையும் கிடையாது. ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கிராமத்திலிருந்து வருகிற வயசானவர்களுக்கு எந்தச் சீட்டை எங்கே கொடுப்பது, எந்தக் கட்டிடத்தில் ஸ்கேன் என்று தெரியாது. தெருவில் உள்ள ஆச்சிக்கு வாரம் ஒருநாள் அங்கே துணைக்குப் போவது ஒரு வேலை. பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பையனுக்கு மாலை ஆறு மணிக்குப் பின்னம் சொல்லிக் கொடுப்பது ஒரு வேலை.

இதனால் எப்படி வழி தெரியும் என்று கேட்கலாம். மனச்சோர்வுச் சிகிச்சையில் 1970-களிலிருந்து இருந்து வரும் ஒரு முறைக்கு பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்று பெயர். மனசு சரியான பிறகு வேலை செய்யலாம் என்று காத்திராமல், சின்ன வேலைகளை நேரம் குறித்துச் செய்யச் சொல்வார்கள். வேலை முன்னே போகும், மனசு பின்னே வரும். இது நோய்க்கு உதவுகிற முறை என்றாலும், நோயில்லாமல் திகைத்து நிற்பவர்களுக்கும் பலிப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் உட்கார்ந்து யோசிக்கிறவருக்கு அதே பத்து எண்ணங்கள்தான் சுற்றி வரும். வெளியே ஒரு வேலையில் இருப்பவருக்குப் புதுப் புது மனிதர்களும் புதுப் புதுப் பிரச்சினைகளும் எதிரே வரும். அதில் ஏதோ ஒன்று பிடித்து இழுக்கும்.

முதல் சில வாரங்களில் ஒன்றும் தோன்றாது. அப்போது விட்டுவிடாதீர்கள். அந்தப் பையன் அடுத்த பரீட்சை எழுதும் வரைக்குமாவது போங்கள்.

இப்போதைய வேலையை விட்டுவிட்டுப் பிடித்த தொழிலில் இறங்கலாமா?

நம் விவசாயிகள் கார் பருவ நெல் சாகுபடிக்கு நாற்றுப் பாவும் முன் பாபநாசம் அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று பார்ப்பார்கள். 143 அடி அணையில் தண்ணீர் கீழே கிடந்தால், எவ்வளவு ஆசை இருந்தாலும் விதையை மூட்டையிலேயே வைத்திருப்பார்கள். நீங்களும் அப்படித்தான் பார்க்க வேண்டும். வருமானமே இல்லாமல் எத்தனை மாதம் வீடு ஓடும்? ஒரு வருடத்துக்குக் கீழே என்றால், வேலையை வைத்துக்கொண்டே சனி, ஞாயிறில் தொழிலைச் செய்து பாருங்கள். முதலில் பத்துப் பேர் காசு கொடுத்து வாங்கட்டும். "நல்லா இருக்கு" என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கடன் வேண்டுமென்றால் வட்டிக்காரரிடம் போகும் முன் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலும், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையிலுமான திட்டங்களுக்கு மானியத்தோடு வங்கிக் கடன் உண்டு. 18 வயது ஆகியிருக்க வேண்டும், மேல் வரம்பு கிடையாது. 50 வயதில் தொடங்குகிறவரையும் அந்தத் திட்டம் தள்ளிவிடுவதில்லை. மாநில அரசின் திட்டங்களும் அங்கேயே தெரியவரும்.

மாஞ்சோலையிலிருந்து கீழே இறங்கி வந்தோம். வேலை போனது ஒரு பக்கம். நான் யார் என்பதே போய்விட்ட மாதிரி இருக்கிறது.

உங்கள் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு மனசு கனக்கிறது. தேயிலைத் தோட்டக் கம்பெனி சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த மலை அது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட் எஸ்டேட்டாகத் தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன. குத்தகை 2028-ல் முடிகிறது என்ற நிலையில் 2024-ல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துத் தோட்ட வேலையை முடித்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்கிற இடங்களில் ஒன்றான அந்த மலையில் பனிக்குள் கொழுந்து பறித்தவரை, அம்பாசமுத்திரம் வெயிலில் "வேற வேலை பாத்துக்க" என்றால் எப்படி இருக்கும்?

உங்களுடையது குழப்பம் இல்லை, துக்கம். துக்கத்துக்கு உண்டான நேரத்தையும் மரியாதையையும் அதற்குக் கொடுங்கள். "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொல்கிறவர்களுக்குத் தலையாட்ட வேண்டிய அவசியம் இல்லை.

செய்யக்கூடியது என்று பார்த்தால், முதலில் கூட்டாளிகளை விட்டுவிடாதீர்கள். ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்கள் ஆளுக்கொரு ஊராகச் சிதறும்போதுதான் 'நான் யார்' என்பது கரைகிறது. மாதம் ஒருநாள் ஓர் இடத்தில் கூடுங்கள். மலையில் கொண்டாடிய கொடையும் கிறிஸ்துமஸும் இங்கேயும் நடக்கட்டும். இரண்டாவது, அங்கே நடந்ததை, எந்தக் காட்டில் என்ன மரம், எந்த மாதம் எந்தப் பக்கம் யானை வரும், முதல் தலைமுறை எந்த ஊரிலிருந்து மலையேறியது என்பதையெல்லாம், உங்கள் பிள்ளைகளை விட்டு போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்த மலையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. புது வேலை தேடுவது அவசியம்தான். அது இந்த இரண்டுக்கும் பதிலாக வர வேண்டியதில்லை, கூடவே வரலாம்.

துபாயில் 14 வருடம். ஊர் திரும்பி ஆறு மாதம் ஆகிறது. மேலப்பாளையத்தில் நான் விருந்தாளி மாதிரி இருக்கிறேன்.

நீங்கள் இல்லாமலே ஓடப் பழகிய வீடு அது. மனைவிதான் பேங்குக்குப் போனார், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டார், கொத்தனாரிடம் சண்டை போட்டார். நீங்கள் வந்ததும் எல்லாவற்றையும் கையில் எடுக்கப் பார்த்தால் உரசல் வரும். ஒரே ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு அதை முழுசாகச் செய்யுங்கள். மகளை டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவதாக இருந்தாலும் சரி.

வேலைக்கு நெருங்கிய நண்பர்களை மட்டும் நம்பாதீர்கள். மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. புது வேலைத் தகவல் பெரும்பாலும் நெருங்கிய உறவிடமிருந்து வருவதில்லை, அரைகுறைப் பழக்கமுள்ளவர்களிடமிருந்தே வருகிறது என்றார். நெருங்கியவருக்குத் தெரிந்தது உங்களுக்கும் முன்பே தெரிந்திருக்கும், அதுதான் காரணம். கூடப் படித்துத் தொடர்பு விட்டவர், பள்ளிவாசலில் சலாம் மட்டும் சொல்கிறவர், பழைய ஸ்பான்சரிடம் வேலை பார்த்த தென்காசிக்காரர் இவர்களிடமெல்லாம் போய் "ஏசி சர்வீஸ் தெரியும், ஊரோட வந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கையில் தொழில் தெரிந்தும் சான்றிதழ் இல்லை என்றால் பேட்டை அரசு ஐடிஐ-யில் குறுகிய காலப் பயிற்சி பற்றி விசாரிக்கலாம்.

எனக்கு 47 வயது. பிள்ளைகள் இருவரும் வெளியூர். மத்தியானத்துக்கு மேல் வீடு வெறிச்சோடிப் போய்க் கிடக்கிறது. இனிமேல் எனக்கென்று என்ன?

அம்மாக்கள் இதைச் சத்தமாகக் கேட்பதே இல்லை. "ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நீங்கள் கேட்டதற்கு எனக்குச் சந்தோஷம்.

நடு வயதில் மனிதருக்குள் நடக்கிற போராட்டம், அடுத்த தலைமுறைக்கு எதையாவது கொடுப்பதா, தேங்கிப் போவதா என்பதுதான் என்று எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் எழுதினார். இரண்டு பிள்ளைகளுக்கு அதை இருபது வருடம் செய்திருக்கிறீர்கள். அந்தக் கையிருப்பு தீர்ந்து போகவில்லை, வாங்கிக்கொள்ள ஆள்தான் வீட்டில் இல்லை.

படிப்பு விட்டுப் போயிருந்தால் படியுங்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் இக்னோவிலும் பட்டப்படிப்புக்கு வயது வரம்பு இல்லை. "இந்த வயசுல பரீட்சையா" என்று சிரிக்கிற மைனி, ரிசல்ட் வந்த அன்றைக்குத் தன் மகளிடம் உங்களைக் காட்டிப் பேசுவார். படிப்பில் நாட்டமில்லை, கையில் பக்குவம் இருக்கிறது என்றால் அதுவும் நல்லதே. கல்லிடைக்குறிச்சி அப்பளம் ஊர் ஊராகப் போவது வீட்டுப் பெண்கள் கைவேலையால்தான். சுய உதவிக் குழுவில் இல்லாவிட்டால் சேருங்கள். கடனுக்காக மட்டும் சொல்லவில்லை. வாரம் ஒரு மணி நேரம் உங்களை இன்னாருடைய அம்மா என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடம் அது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: மகனுக்குத் தினமும் நாலு தடவை போன் செய்து "சாப்பிட்டியா" கேட்பதை வேலையாக்கிக்கொள்ளாதீர்கள். அவனுக்கும் பாரம், உங்களுக்கும் ஏமாற்றம். இதே காலத்தில் மாதவிடாய் நிற்கும் நேரத்து உடல் மாற்றங்களும் சேர்ந்துகொள்ளும். தூக்கம் கெட்டு, எரிச்சல் கூடினால் பெண் மருத்துவரைப் பாருங்கள்.

பெரிதாக ஒன்றைத் தொடங்கி, பெரிதாக விழுந்துவிட்டேன். பழைய நிலைக்கு வர முடியுமா?

பழைய நிலைக்கே வருவீர்கள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். நம் மண்ணின் வ.உ.சிதம்பரனாரை நினைத்துக்கொள்ளுங்கள். 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி. 1908-ல் கைது, ஊரே கொந்தளித்தது. திருநெல்வேலி நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது, மேல்முறையீட்டில் குறைந்தது. கோவையிலும் கண்ணூரிலும் சிறை. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, வக்கீல் தொழில் செய்ய உரிமை இல்லை, வாசலில் பெரிய கூட்டமும் இல்லை. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார், வறுமையோடு மல்லுக்கட்டினார். பிறகு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி உதவியால் உரிமை திரும்பக் கிடைத்து, கோவில்பட்டியில் வழக்கறிஞராக உட்கார்ந்தார்.

கப்பல் மறுபடி ஓடவில்லை. ஆனால் அந்தக் கஷ்ட காலத்திலும் பழந்தமிழ் நூல்களில் மூழ்கினார், தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார், திருக்குறளுக்கு உரை எழுதினார். 1936-ல் இறக்கும் வரை கடன் தொல்லை விடவில்லை. இதை வெற்றிக் கதையாக மெழுகிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கப்பல் போன பிறகும் செய்ய ஒன்று இருந்தது, அதைக் கையில் இருந்த நேரத்தில் செய்தார். விழுந்தவருக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான். பழைய அளவிலேயே ஒன்று வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஜோசியர் ஏழரைச் சனி முடியட்டும் என்கிறார். காத்திருக்கவா?

நம்பிக்கை உங்களுடையது, அதில் நான் கைவைக்க மாட்டேன். நெல்லையப்பரைக் கும்பிட்டுவிட்டு வந்தால் மனசு லேசாகிறது என்றால் தினமும் போங்கள். ஆனால் ஏழரை வருடம் கையைக் கட்டிக்கொண்டிருக்க எந்தச் சாமியும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. பரிகாரமும் நடக்கட்டும், வேலையும் நடக்கட்டும்.

குற்றாலத்திலோ பாபநாசத்திலோ தனியாக நாலு நாள் இருந்தால் தெளிவு வருமா?

களைப்புத் தீரும், அதற்காகத் தாராளமாகப் போகலாம். தாமிரபரணியில் முங்கி எழுந்தால் உடம்புக்கு வருகிற தெம்பை நானும் அறிவேன். வாழ்க்கைக்கான முடிவை அங்கே எடுக்காதீர்கள். திரும்பி வந்து ஒரு வாரம் கழித்தும் அதே முடிவு சரியாகத் தோன்றினால் பார்க்கலாம்.

என் தம்பிதான் இப்படி இருக்கிறான். அறையை விட்டு வெளியே வருவதில்லை. நான் என்ன செய்ய?

அறிவுரை சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுப் பையனை உதாரணம் காட்டாதீர்கள். "உனக்கு என்ன குறை வச்சோம்" என்று அம்மாவைக் கேட்க விடாதீர்கள், அந்தக் கேள்வி அவனைக் கொன்றுவிடும்.

அவன் பக்கத்தில் உட்காருங்கள். அவன் பேசினால் குறுக்கே விழாமல் கேளுங்கள், பேசாவிட்டாலும் உட்காருங்கள். அப்புறம் உதவி கேளுங்கள். அவனுக்கு உதவுவதாகக் காட்டிக்கொள்ளாமல், நிஜமாகவே உங்களுக்குத் தேவைப்படுவதைக் கேட்க வேண்டும். "ஏலே, அப்பாவுக்கு நாளைக்குச் சுகர் டெஸ்ட். எனக்கு லீவு கிடைக்கல. நீ கூட்டிட்டுப் போயிருதியா?" முதல் தடவை மாட்டேன் என்பான். அடுத்த வாரம் வேறொன்றைக் கேளுங்கள். போய்விட்டு வந்தால் ஆகா ஓகோ என்று புகழ வேண்டாம், டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் விசாரியுங்கள்.

குளிப்பதில்லை, சாப்பிடுவதில்லை, சாவைப் பற்றிப் பேசுகிறான், பொருட்களைப் பிறருக்குக் கொடுக்கிறான், அல்லது இல்லாத குரல்கள் கேட்கிறது என்கிறான் என்றால் இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வர மறுத்தால் நீங்கள் மட்டும் போய்ப் பேசுங்கள், அல்லது 14416-க்கு நீங்களே கூப்பிட்டு வழி கேளுங்கள். வீட்டு ஆட்களும் அதில் பேசலாம்.